கை வீங்கினால் தலையெழுத்தா?

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்தது, உயிர் பிழைத்தாச்சு, வீட்டுக்குப் போம்மா! அத்தோடு கடமை முடிந்ததா?

அக்குளில் நிணநீர் முடிச்சுகளை அகற்றிய பெண்களில் சுமார் 5 பேரில் ஒருவருக்குப் பின்னாளில் கை வீங்குகிறது. பெயர் லிம்ஃபெடீமா. மாத்திரையில் வடியாது. அழுத்தக் கட்டு, பயிற்சி, தோல் பராமரிப்பு, பிறகு அழுத்த உறை... இவைதான் வைத்தியம். ஆரம்பத்தில் சில வாரங்கள் கட்டைத் தினமும் மாற்றிக் கட்ட வேண்டும்.

கல்வராயன் மலையில் மரவள்ளி பிடுங்கும் பெண், கூலியை விட்டுவிட்டுத் தினமும் கள்ளக்குறிச்சிக்கு இறங்குவாரா?

2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே பிசியோதெரபி தருகிறது. நல்ல திட்டம்தான். மலையேறும் பிசியோதெரபிஸ்ட்டின் பையில் கட்டுத்துணியும் இஞ்ச் டேப்பும் இருக்கட்டும். இரண்டு கைக்கும் 2 செ.மீ. வித்தியாசம் தெரிந்தாலே ஆரம்பிக்கட்டும். வீட்டில் ஒருவருக்குக் கட்டவும் கற்றுக்கொடுக்கட்டும். சதை இறுகியபின் முகாம் போட்டு என்ன பிரயோஜனம்?