பெட்டியில் எழுதிய வாற்ஸ்

கணனித் திரையின் முன்னால் அமர்ந்து பந்தயக் கார் ஓட்டுவதற்கு அம்பிளிஃபயர் எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ரொறன்ரோவில் வசிக்கும் என் தம்பியின் மகன் தொலைபேசியில் இந்தப் பேச்சை எடுத்தபோது நானும் அதையேதான் கேட்டேன்.

சிம் ரேசிங் எனப்படும் இந்த விளையாட்டில் ஸ்ரியரிங் உண்டு, பெடல்கள் உண்டு; கார் மட்டும் இல்லை. உண்மையான காரில் சாரதி கண்ணால் மாத்திரம் ஓட்டுவதில்லை. பிரேக் இறுகிச் சில்லு சுழலாமல் வழுக்குவதையும் பின்சில்லு பிடிமானம் இழப்பதையும் அவரது பாதமும் முதுகும் உணர்ந்துவிடுகின்றன. வீட்டு அறையில் அந்த உணர்வு கிடையாது. அதனை ஓரளவேனும் ஈடுசெய்யவே ஷேக்கர் என்னும் சிறு கருவிகளை இருக்கையிலும் பெடல் தட்டிலும் பூட்டுகிறார்கள். ஸ்பீக்கரில் உள்ளது போன்ற சுருளும் காந்தமும் இதிலும் உண்டு. கடதாசிக் கூம்புக்குப் பதிலாக ஒரு பாரம் அசைகிறது. இதனை இயக்குவது சாதாரண ஓடியோ அம்பிளிஃபயரே.

"பெரியப்பா, பெட்டியில இருநூறு வாற்ஸ் எண்டு போட்டிருக்கு. கூட்டி வைச்சா எல்லாம் ஒரே குலுக்கல்தான். எது பிரேக், எது எஞ்சின் எண்டு விளங்கேல்லை" என்றான். போதாக்குறைக்கு, இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் கீழ்வீட்டுக்காரர் இருமுறை வந்து கதவைத் தட்டிவிட்டார். எல்லாவற்றையும் விற்றுவிடும் யோசனையில் இருந்தான்.

ஓர் எண்ணைக் கண்டால் அதன் மூலத்தைக் கேள் என்பது பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்பித்த முதற் பாடம். மின்வழங்கியின் மேல் எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னேன். 12 வோல்ற், 5 அம்பியர். பெருக்கினால் 60 வாற்ஸ். 60 வாற்ஸ் உட்செல்லும் பெட்டியிலிருந்து தொடர்ந்து 200 வாற்ஸ் வெளிவர இயலாது. அத்தகைய கிளாஸ் டி அம்பிளிஃபயர், 12 வோல்ற்றில் இயங்கும்போது, 4 ஓம் ஷேக்கருக்கு ஒரு பக்கத்தில் சுமார் 18 வாற்ஸ் வரையே சுத்தமாகத் தரும். அதற்கு மேல் கூட்டினால் அலையின் முடி வெட்டுப்பட்டு, மெல்லிய அதிர்வும் வலிய அதிர்வும் ஒன்றாகிவிடும். அவன் சொன்ன 'ஒரே குலுக்கல்' அதுதான். 24 வோல்ற் மின்வழங்கியை ஏற்கும் அம்பிளிஃபயராயின் இந்த எல்லை நான்கு மடங்காகும்.

ஷேக்கர்கள் அப்படியொன்றும் பெரும்பசி கொண்டவை அல்ல. பலர் பயன்படுத்தும் ஓரா ஏஎஸ்ரி-2பி-4 தாங்குவது 50 வாற்ஸ். டேற்றன் ரிரி25 தாங்குவது 15 வாற்ஸ். சற்று மிகுதியான சக்தி கையிருப்பில் இருப்பது நல்லது என்போரின் கருத்தை நான் மறுக்கவில்லை. அது மெய்யான வாற்ஸாக இருக்கவேண்டும் என்பதே என் வாதம். இரண்டு 4 ஓம் ஷேக்கர்களைப் பக்கம் பக்கமாக இணைத்தால் சுமை 2 ஓம் ஆகும். சிறிய அம்பிளிஃபயர்கள் பல அதைத் தாங்கா. சப்வூஃபருக்கென்றே செய்யப்பட்ட அம்பிளிஃபயர் சில, மேலதிர்வுகளை வெட்டிவிடும். மனிதத் தோல் செக்கனுக்கு 200 முதல் 300 வரையான அதிர்வுகளையே மிக நுட்பமாக உணர்கிறது என்பதை அவை கருத்திற்கொள்வதில்லை.

எண்பதுகளில் நான் பணியாற்றிய கொழும்புப் பத்திரிகைக் காரியாலயத்தில், ஆசிரிய பீடத்துக்குக் கீழே சுழல் அச்சியந்திரம் ஓடியது. மேசை நடுங்கினால் முதற் பதிப்பு அச்சேறுகிறது என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவே. அச்சுக்கூடப் பொறுப்பாளரோ கைப்பிடிக் கம்பியில் உள்ளங்கையை வைத்து, எந்த உருளையில் கோளாறு என்று சொல்லிவிடுவார். நடுக்கம் ஒன்றுதான். அதைப் பிரித்தறியத் தெரிந்தவருக்கே அது செய்தியாயிற்று.

எனவேதான் பணத்தை வாற்ஸில் கொட்டாமல், தனித்தனி வழிகளில் செலவிடுங்கள் என்கிறேன். சிம்ஹப் என்னும் மென்பொருள் விளையாட்டின் தரவுகளை வாசித்து, பிரேக் வழுக்கலைப் பெடலுக்கும் பின்சில்லின் வழுக்கலை இருக்கைக்கும் பிரித்தனுப்பும். மலிவான எட்டுவழி யூஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒன்று அதற்குப் போதும். ஓயாமல் உறுமும் எஞ்சின் அதிர்வை முதலில் நிறுத்திவிடுங்கள். மற்றவற்றை மறைப்பது அதுதான்.

தம்பி மகன் அவ்வாறே செய்தான். கால்களுக்குக் கீழே தடித்த இறப்பர் வைத்தான். இன்னொன்றும் சொன்னேன்: நண்பன் ஒருவனை ஓட்டவிட்டு, கீழ்வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, அவருடைய அறையில் நின்று கேட்டுப் பார். மறுதரப்பை விசாரிக்காமல் எழுதிய செய்தி செய்தியல்ல. அவன் போனான். கேட்ட அளவுக்கு ஏற்ப மேலும் சற்றுக் குறைத்தான். குறைத்த பின்னர்தான், முன்சில்லு வழுக்கத் தொடங்கும் அந்தக் கணம் பாதத்தில் தெளிவாகத் தெரிகிறது என்கிறான்.