மேசைமேல் விரியும் கற்பனை உலகம்

வலி இருக்கிறதா, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டுக்கொண்டாயா என்று வளரிளம் நோயாளிகளிடம் நாங்கள் நாள்தோறும் கேட்கிறோம். "அடுத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பது அரிது. நீண்டநாள் சிகிச்சையில் முடிவுகள் பெரும்பாலும் பிறருடையவை.

அந்தக் கேள்வியையே உயிராகக் கொண்ட ஆட்டம் ஒன்று உண்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரராகவும் மந்திரவாதியாகவும் வேடமேற்று முடிவெடுப்பார்கள். வெற்றி தோல்வியை இருபது முகப் பகடை சொல்லும். இன்று பலர் தொலைக்காட்சித் திரையை மேசையில் படுக்கவைத்து, கதை நிகழும் இடத்தின் வரைபடத்தை அதில் காட்டுகிறார்கள். ஓர் அங்குலக் கட்டம் கதையில் 5 அடி. 40 அங்குலத் திரையில் நீளவாட்டில் 34, அகலவாட்டில் 19 கட்டங்கள் அடங்கும். வீரர்கள் இன்னும் நுழையாத அறைகள் இருளில் மறைந்திருக்கும். கதவு திறந்ததும் நடத்துநர் மடிக்கணினியிலிருந்து இருளை விலக்குவார்.

நீண்டநாள் தங்கும் வார்டுகளுக்கு இது ஏற்றது என்பது எங்கள் கருத்து. காகித வரைபடத்தைக் கிருமிநாசினியால் துடைக்க இயலாது, கண்ணாடியைத் துடைக்கலாம். தனியறையில் இருக்கும் பிள்ளைக்கு அதே வரைபடத்தை வேறொரு திரையில் காட்டலாம். அலைபேசி வழியே குரல் சேர்ந்தால் அவரும் ஆட்டத்தில் ஒருவரே.

கட்டுப்பாடுகளும் வேண்டும். திரையைக் காக்க அக்ரிலிக் தகடு போட்டால், ஆல்கஹால் படப்பட அதில் வெடிப்புகள் தோன்றும். கடினமாக்கிய கண்ணாடியே நல்லது. மின்வடங்கள் சலைன் ஸ்டாண்டு நகரும் வழியில் கிடக்கக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர் இருந்தால் வெட்டிவெட்டி ஒளிரும் காட்சிகளைத் தவிர்க்க வேண்டும். பகடையும் பொம்மையும் கைமாறாமல் ஆளுக்கொன்றாக இருக்கட்டும்.

"ஏற்கெனவே எந்நேரமும் திரைதானே?" என்னும் பெற்றோரின் கவலை நியாயமானது. ஆயினும் கைப்பேசி பிள்ளையைத் தனியே ஒதுக்குகிறது. படுக்கவைத்த திரையைச் சுற்றி அமர்வோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே பேசவேண்டும். ஆகவே ஆளுக்கொரு டேப்லெட் தருவது இதற்கு ஈடாகாது.

திரை வாங்க வசதி இல்லையெனில் கட்டமிட்ட தாளும் ஒரு பகடையும் போதும். விளையாடியபின் தாளை எறிந்துவிடலாம். பிள்ளையின் உடல்நிலைக்கு ஏற்ற நேரத்தைச் செவிலியரிடம் கேட்டுக்கொண்டு, நீங்களும் உடன் அமருங்கள். எந்தக் கதவைத் திறப்பது என்பதை மட்டும் பிள்ளையே முடிவு செய்யட்டும்.