எக்ஸ்ரே அறையில் எமது பிள்ளைகள்

இறம்பொடைச் சரிவொன்றில் கொழுந்துக் கூடையுடன் வழுக்கி விழுந்த பெண்ணின் கை முறிந்ததா, சுளுக்கியதா என்பதைத் தோட்டத்து டிஸ்பென்சரி தீர்த்துச் சொல்ல முடியாது. எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். அதற்கு மேலே நுவரெலியாவுக்கோ கீழே கம்பளைக்கோ போக வேண்டும். பஸ் செலவும் போய், நாட்சம்பளமும் போகும். 2025 மே 11 ஆந் திகதி இதே வீதியில் கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று காயமுற்றோர் அயல் வைத்தியசாலைகளில் குவிந்தபோது, எக்ஸ்ரே அறை எத்துணை முக்கியமானது என்பதை இப்பகுதி மக்கள் கண்ணாரக் கண்டனர். வைத்தியசாலை வேண்டும், இயந்திரம் வேண்டும் என்று மேடைதோறும் முழங்கும் எமது தலைவர்கள் ஒன்றை மட்டும் கேட்பதில்லை. அந்த இயந்திரத்தை இயக்குபவர் யார்?

நெஞ்சுப் படம் எடுக்கும்பொழுது, “மூச்சை நன்றாக இழுத்து அடக்குங்கள்” என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டும். சொல்வது விளங்காவிட்டால் மூச்சு அசையும், படம் கலங்கும், மறுபடியும் கதிர் பாய்ச்ச நேரிடும். பிள்ளை பெறும் வயதுடைய பெண்ணாயின், வயிற்றில் கருவுண்டா என்று முன்கூட்டியே கேட்டறிதல் கட்டாயம். இக்கேள்வியைத் தெரியாத மொழியில் கேட்டு, வழியில் போகும் சிற்றூழியர் ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்தால், வெட்கத்தினால் தலையாட்டிவிட்டுப் போகும் பெண்கள் எத்தனை பேர்! 1987 இல் கொண்டுவரப்பட்ட 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. மெத்தச் சரி. ஆனால் அரசியலமைப்பு எக்ஸ்ரே அறைக்குள் வந்து பேசுவதில்லை. பேச வேண்டியவர் மனிதர்.

ஆகவே, ரேடியோகிராபர் என்னும் தொழிலை மலையகத் தமிழ் இளைஞரும் யுவதியரும் நாட வேண்டுமென நாம் விரும்புகின்றோம். இது டாக்டருக்குப் பெட்டி தூக்கும் வேலையன்று. உடலை எக்கோணத்தில் வைப்பது, எவ்வளவு கதிரைச் செலுத்துவது, எவ்வாறு அதிலிருந்து நோயாளியையும் தம்மையும் காப்பது என்பனவெல்லாம் இவர் பொறுப்பு. இருட்டறையில் பிலிம் கழுவிய காலம் பெரும்பாலும் மலையேறிவிட்டது. நெஞ்சுப் படத்தில் காசநோயின் அறிகுறியைக் கணினியே தேடிப் பார்க்கலாமென 2021 இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்துவிட்டது. எனினும், நடுங்கும் கிழவியைத் தாங்கிப் பிடித்து நிறுத்திவைக்கக் கணினிக்குக் கையில்லை.

இத்தொழிலுக்கு வாயில் ஒன்றுண்டு. ரேடியோகிராபராகக் கடமையாற்ற இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடமும், கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகமும் இதற்கான பட்டத்தை வழங்குகின்றன. இறம்பொடையை ஊடறுத்துச் செல்லும் ஏ-5 வீதி பேராதனையிலேதான் தொடங்குகின்றது என்பதை எமது பிள்ளைகளுக்கு யாராவது நினைவூட்டினால் நன்று. வீதி இருக்கின்றது, ஏறுவதற்குப் படிதான் இல்லை. உயர்தரத்தில் விஞ்ஞானம் பயின்றாலன்றி அப்பீடத்தின் கதவு திறவாது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கிய 1970 களிலிருந்து அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. ஆயினும், சாதாரண தரத்தோடு நின்றுவிடும் பாடசாலைகளே இன்னும் மிகுதி. பௌதிகவியலைத் தமிழில் கற்பிக்க ஆசிரியரைத் தேடி அலையும் அதிபர்களின் அவலம் பத்திரிகை வாசகருக்குப் புதிதன்று. ஆசிரியர் இல்லாத வகுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்து, ‘உனக்குத் தகுதி போதாது’ என்று சொல்வது என்ன நியாயம்?

இந்த இடைவெளியைக் கண்டே சில வியாபாரிகள் நுழைகின்றனர். ஆறு மாதத்தில் சான்றிதழ், கைநிறையச் சம்பளம் என்று விளம்பரம் செய்கின்றனர். மரக்கறித் தோட்டத்தை ஈடுவைத்தும், தாலிக்கொடியை அடகுவைத்தும் பணம் கட்டுமுன் பெற்றோர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: “இந்தச் சான்றிதழைக் கொண்டு மருத்துவ சபை என் பிள்ளையைப் பதியுமா?” விடை எழுத்தில் வராவிட்டால் பணத்தோடு வீடு திரும்புவதே புத்தி.

வசதியற்ற வீட்டுப் பெண்ணுக்கு இது எட்டாத வித்தை என்பாரும் உளர். முதலாம் உலகப் போர்க்காலத்தில் மேரி கியூரி அம்மையார் ஏறக்குறைய 150 பெண்களுக்கு எக்ஸ்ரே பயிற்சியளித்துப் போர்க்கள வைத்தியசாலைகளுக்கு அனுப்பினார். அவர்களிற் பணிப்பெண்களாய் இருந்தோரும் உண்டு. போர்க்கால அவசரத்தின் குறும்பயிற்சி இன்றைக்குப் போதாது. ஆயினும், ஏழைப் பெண்ணின் மூளைக்கு இது எட்டாது என்ற பேச்சை அது அன்றே பொய்யாக்கிவிட்டது.

கல்வி அமைச்சும் மத்திய மாகாண சபையும் இறம்பொடை, கொத்மலைப் பகுதிகளில் ஒரு தமிழ்ப் பாடசாலையையேனும் தெரிந்தெடுத்து, பௌதிகம், இரசாயனம், உயிரியல் மூன்றுக்கும் நிரந்தர ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் விடுதியையும் அளிக்க வேண்டும். தோட்ட மக்களின் வாக்கால் பாராளுமன்றம் சென்றோர் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இதைப் பாடசாலையின் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கொழும்பிலும் கண்டியிலும் உத்தியோகம் பார்க்கும் எமது டாக்டர்களும் பொறியியலாளர்களும் ஆசிரியர் வரும்வரை காத்திராது, மாதத்தில் இரு சனிக்கிழமையாவது மலையேறி வந்து பாடம் சொல்லிக் கொடுக்கலாம். வர விரும்புவோர் தமது பெயரையும் கற்பிக்கக்கூடிய பாடத்தையும் எமக்கு எழுதுவார்களாயின், அவற்றை உரிய அதிபர்களிடம் சேர்ப்பிப்பதை நாம் பொறுப்பேற்கின்றோம்.