சிப்பிக்குக் கணக்கு இருக்கு, ஆளுக்கு?

இலங்கையில் மன்னாருக்குத் தெற்கே அரிப்பு என்றொரு கடற்கரை ஊர். அங்கே பாழடைந்த மாளிகை ஒன்று நிற்கிறது. பிரிட்டிஷாரின் முதல் ஆளுநர் பிரெடரிக் நார்த் 1801-க்கும் 1804-க்கும் இடையில் கட்டியது. முத்துக்குளிப்பை மேற்பார்வை பார்க்க வரும் துரை தங்குவதற்கான வீடு. கடல் அரித்துச் சுவர் சுவராய் விழுகிறது. ஐயோ, வரலாறு அழியுதே என்று அங்கலாய்க்க ஆளிருக்கு. நம் கேள்வி வேறு. மாளிகைக்கு வெளியே, மணலில் கிடந்தவன் வரலாறு எங்கே?

சலாபம் கூடினால் அந்தப் பொட்டல் கரையில் ஒரு நகரமே முளைக்கும். ஓலைக் கொட்டகைகளில் பல்லாயிரம் பேர். தூத்துக்குடி, கீழக்கரை, அரபு நாட்டுக் கரைகளிலிருந்து குளியாளிகள். கயிறும் கல்லும்தான் கருவி. மேலே கயிறு பிடிப்பவன் அசந்தால் கீழே போனவன் கதை முடிந்தது.

கரைக்கு வந்த சிப்பியை அழுக விடுவார்கள். சதை புழுத்துக் கரைந்த பிறகு தொட்டியில் கழுவி முத்தைத் தேடணும். அந்த நாற்றத்தில் கைவிட்டு நின்றவன் கூலி. அவன் கை வாய்ப்பக்கம் போகக் கூடாது; முத்தை முழுங்கிடுவானாம்! முழுங்கியதாகச் சந்தேகப்பட்டவர்களைப் பூட்டிவைத்து வாந்திக்கும் பேதிக்கும் மருந்து கொடுத்ததை ராபர்ட் பெர்சிவல் என்ற வெள்ளை அதிகாரியே 1803-இல் எழுதியிருக்கிறார். நாறுற வேலைக்கு அவன் கை வேணும்; அவன் வயிறு மட்டும் திருட்டு வயிறு.

1905-இல் எடுத்த சிப்பி 8 கோடிக்கும் மேல். மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. 1906-இல் முத்துப் பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பெனி கைக்குப் போயின. 1907-க்குப் பிறகு பாரில் சிப்பி இல்லை, கம்பெனி படுத்தது. இத்தனைக்கும் கணக்கு இருக்கு. கழுவினவன் பேர் எந்த ஏட்டிலும் இல்லை. ‘கூலி’ என்பதுதான் அவனுக்கு அவர்கள் வைத்த பேர்.

தோழர்களே, தொல்லியல் என்றால் கோட்டையும் கோயிலும் மாளிகையும்தானா? ஓலைக் கொட்டகை மிஞ்சாது. கால் நட்ட குழி மிஞ்சும். அடுப்புச் சாம்பல், உடைந்த சட்டி, குவித்த சிப்பி ஓடு, புதைத்த எலும்பு மிஞ்சும். ஏட்டில் இடம் கிடைக்காதவனுக்கு மண்தான் சாட்சி.

அந்த மண்ணையும் அதே கடல்தான் தின்கிறது. வரலாறும் தொல்லியலும் படிக்கிற நம் பிள்ளைகள் இதைக் கேட்டாகணும்: துரை வீட்டை அளக்கிற நாடா, கூலி கொட்டகையின் குழியை எப்போது அளக்கும்?