ஆங்கில ஆசிரியருக்குப் பயிற்சி: பனிப்பந்து உருட்டினால் போதுமா?

பள்ளிக்கூடம் திறந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். வட்டார வள மையத்திலிருந்து உத்தரவு வரும்: ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அனைவரும் பணியிடைப் பயிற்சிக்குத் தவறாமல் ஆஜராக வேண்டும்.

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் புறப்பட்டால், மற்றவர் ஐந்து வகுப்புக் குழந்தைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் காவல் காப்பார். சரி, புறப்பட்டுப் போனவர் என்ன பெற்று வருகிறார்? அங்கே கருத்தாளர் ஒருவர் வருகிறார். முந்தின வாரம் ஜில்லாத் தலைநகரில் தாம் கேட்டு வந்ததைத் திரையில் போட்டு வேகமாக வாசிக்கிறார். ஒரு பாட்டு, ஒரு விளையாட்டு, ஒரு தேநீர், வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து, கடைசியில் ஒரு புகைப்படம். மாலையில் ஆசிரியை பஸ் ஏறுகிறார். மறுநாள் வகுப்பில் நுழைந்தால் பழைய பிரச்னை பழைய இடத்திலேயே அவருக்காகக் காத்திருக்கிறது. நான்காம் வகுப்புப் பையன் ஆங்கில வாக்கியத்தைக் கணீரென்று வாசிக்கிறான். பொருள் கேட்டால் விழிக்கிறான்.

இதற்கு யார் பொறுப்பு? ஆசிரியர்கள் சோம்பேறிகள், சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பவர்கள் என்று ஒரு கூட்டம் சதா கூறி வருகிறது. நாம் அதை ஏற்கவில்லை. பயிற்சியே வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. பயிற்சி வேண்டும்; இன்றுள்ளதைவிட அதிகமாகவே வேண்டும். ஆனால் எப்படிப்பட்ட பயிற்சி? யாருடைய நேரத்தில்? யாருடைய செலவில்? யாருடைய யோசனைப்படி? இவைதான் கேள்விகள்.

27,000 பேரும் ஒரு பனிப்பந்தும்

இந்தக் கேள்விகள் இன்று முளைத்தவை அல்ல. 1959-ல் அன்றைய சென்னை ராஜ்யத்தில், பிரிட்டிஷ் கவுன்சிலின் உதவியோடு, பெரிய இயக்கம் ஒன்று தொடங்கப்பட்டது. ஆரம்ப நிலையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தருவது அதன் நோக்கம். 'மதராஸ் ஸ்நோபால்', அதாவது சென்னைப் பனிப்பந்து, என்று அதற்குப் பெயர் வந்தது.

பனிமலைச் சரிவில் சிறு உருண்டை ஒன்றை உருட்டிவிட்டால் அது போகப் போகப் பனியைச் சேர்த்துக்கொண்டு பெரிதாகும். அதுபோலச் சிலருக்குப் பயிற்சி கொடுத்தால் அவர்கள் பலருக்குக் கொடுப்பார்கள் என்பதே யோசனை. காகிதத்தில் கணக்கு அழகாகத்தான் வரும். ஒருவர் முப்பது பேருக்குச் சொல்லித் தருகிறார். அந்த முப்பது பேரும் தலைக்கு முப்பது பேருக்குச் சொன்னால் 900. இன்னும் ஒரு படி இறங்கினால் 27,000! மூன்றே படி, காரியம் முடிந்தது!

அந்த இயக்கத்தை முற்றிலும் குறை கூறுவது நியாயமல்ல. அது கொண்டு வந்த முறை, ஆங்கில வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினமானதாக வரிசைப்படுத்தி, வாய்மொழியாகப் பழக்கும் முறை. இலக்கணச் சூத்திரத்தை உருப்போட்டு, வரிக்கு வரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்த வகுப்பில் குழந்தையின் வாயைத் திறக்கச் செய்ய நினைத்தது நல்ல எண்ணமே.

ஆனால் பயிற்சி என்பது பனியல்ல. படிக்குப் படி இறங்கும்போது அது பெருகுவதில்லை, உருகுகிறது. முதல் படியில் இருப்பவருக்கு முறையும் தெரியும், அதன் காரணமும் தெரியும். இரண்டாம் படியில் முறை வந்து சேர்கிறது, காரணம் பாதி கழன்று போகிறது. கடைசிப் படியில், கிராமத்து உபாத்தியாயர் கையில், 'திஸ் இஸ் எ புக், தட் இஸ் எ டேபிள்' என்ற கூச்சல் மட்டுமே மிஞ்சுகிறது. கேள்வி கேட்க அவருக்கு அவகாசமில்லை. அவர் கேட்டாலும் பதில் சொல்லக் கருத்தாளருக்கே தெரியாது. அவரும் கேட்டதைச் சொல்ல வந்தவர்தானே! பனிமலையே இல்லாத நாட்டில் பனிப்பந்து உருட்டினால் வேறென்ன நடக்கும்?

தமிழ் தெரிந்தது குற்றமா?

இன்னொரு கோளாறும் உண்டு, அது ஆழமானது. 1958-ல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கிலக் கல்வி நிலையம் ஏற்பட்டது. 1963-ல் பெங்களூரில் தென்னிந்தியாவுக்கான வட்டார நிலையம் ஏற்பட்டது. இவற்றில் உழைத்த நம் நாட்டு அறிஞர்கள் பலர் போற்றத்தக்கவர்கள். ஆயினும் அக்காலத்தில் உலகெங்கும் பரவிய கருத்தோட்டம் லண்டனிலிருந்து வந்தது. 1961-ல் உகாண்டாவின் மக்கெரெரேயில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிக் காமன்வெல்த் மாநாடு ஒன்று கூடியது. அதன் வழியாக வேரூன்றிய நம்பிக்கைகளை, ராபர்ட் பிலிப்சன் என்ற மொழியறிஞர் 1992-ல் வெளியிட்ட நூலில் ஐந்தாகப் பிரித்துக் காட்டினார். ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும்; ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர்; எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது; எவ்வளவு அதிகமாகப் புகட்டுகிறோமோ அவ்வளவு நல்லது; பிற மொழி புகுந்தால் தரம் குறையும். ஐந்தும் தவறான நம்பிக்கைகள் என்பதே அவர் முடிவு.

இந்த நம்பிக்கைகள் நம் ஆசிரியரை என்ன செய்தன? "உனக்குத் தமிழ் தெரிவது ஒரு குறை, அதை வகுப்பு வாசலிலேயே விட்டுவிட்டு வா" என்றன. இங்கிலாந்தில் பிறந்தவரின் மங்கலான நகலாகத் தம்மைத் தாமே எண்ணும்படி செய்தன. பயிற்சிக் கூடத்தில் எழுந்து இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசக் கூசி, கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அந்த ஆசிரியை யாரால் அப்படி ஆனார்?

உண்மை நேர்மாறானது. தமிழ் தெரிந்த ஆசிரியைக்கு மட்டுமே தமிழ்க் குழந்தை எங்கே இடறும் என்பது தெரியும். தமிழில் வினை கடைசியில் வரும்; ஆங்கிலத்தில் நடுவில் வரும். 'பள்ளிக்கு' என்று நாம் உருபைப் பெயருக்குப் பின்னே ஒட்டுகிறோம். ஆங்கிலம் 'டு' என்று முன்னே வைக்கிறது. 'எ', 'தி' என்னும் குட்டிச் சொற்களுக்கு நேரான பழக்கம் நம் பேச்சில் இல்லை. 'ஃபேன்' என்று காற்றாடியைச் சொல்லப் போய்க் குழந்தை 'பேன்' என்கிறது, வகுப்பே சிரிக்கிறது. 'நாம்', 'நாங்கள்' என்ற நம் நுட்பமான வேற்றுமை ஆங்கிலத்தில் 'வி' என்ற ஒரே சொல்லில் மறைந்து போகிறது. இவற்றை ஒரு நிமிஷம் தமிழில் விளக்கினால், அரை மணி நேர ஊமைக்கூத்து மிச்சமாகும். இதுவே ஆசிரியரின் தொழில் அறிவு. பயிற்சி இதிலிருந்து தொடங்க வேண்டும்; இதை அழித்துவிட்டுத் தொடங்கக் கூடாது.

பெங்களூர் தந்த பாடம்

அப்படித் தொடங்கிய முயற்சி ஒன்று நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, பெங்களூர் வட்டார நிலையத்தாரோடு சேர்ந்து 1979 முதல் 1984 வரை ஒரு பரிசோதனை நடத்தினார். பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களில் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளின் எட்டு வகுப்புகளே களம். வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லவைக்கும் பழைய முறையில் திருப்தி இல்லாமல், ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, அவற்றில் கணக்குப் போட்டு விடை காணச் செய்தார்கள். பொருளில் மனம் ஊன்றும்போது மொழி தானே படியும் என்பது அவர்கள் கருத்து.

நாம் கவனிக்க வேண்டியது அந்த முறையை மட்டுமல்ல. அது உருவான விதத்தை. ஒருவர் பாடம் நடத்துவார். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிறகு கூடிப் பேசுவார்கள். தவறு என்று பட்டதை மாற்றுவார்கள். அங்கே படியும் இல்லை, பந்தும் இல்லை. வேலை செய்பவர்களே தங்கள் வேலையைப் பற்றி யோசித்தார்கள்.

அதே முயற்சியின் குறையும் நமக்குப் பாடம்தான். அந்த முறையை வகுத்த அறிஞர்களிடம் செழித்த அளவுக்கு, அந்தப் பள்ளிகளின் சொந்த ஆசிரியர்களிடம் அது வேர்பிடிக்கவில்லை என்று ஆலன் பெரெட்டா என்ற ஆய்வாளர் 1990-ல் எழுதினார். ஆச்சரியமில்லை. நல்ல முறையேயானாலும், வேறொருவர் யோசித்து முடித்ததைக் கையில் கொடுத்தால் அது இரவல் சட்டைதான். பிரபுவே அதே 1990-ல், எல்லோருக்கும் பொருந்தும் தலைசிறந்த முறை என்று ஒன்று கிடையாது. இன்னது ஏன் பலிக்கிறது என்று ஆசிரியர் மனத்தில் பிறக்கும் தெளிவே முக்கியம் என்று எழுதினார். அந்தத் தெளிவு சுற்றறிக்கையில் வராது. சக ஆசிரியரோடு பேசினால் வரும்.

ஐம்பது மணி நேரம் யாருடையது?

இன்றைய நிலைமை என்ன? 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. தமிழ் வழியில் படித்து, தமிழ் வழியில் பயிற்சி பெற்று, தமிழில் கற்பித்து வந்த இடைநிலை ஆசிரியர்களே அவற்றையும் ஏற்றார்கள். அவர்களுடைய ஆங்கிலத்தை வளர்க்க யார் என்ன ஏற்பாடு செய்தார்கள்?

2019-ல் மத்திய சர்க்கார் 'நிஷ்டா' என்ற திட்டத்தை அறிவித்தது. நாடெங்கும் 42 லட்சம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்றது. அன்று 27,000, பிறகு 42 லட்சம். பந்து பெரிதாகியிருக்கிறது, உருகுவது நிற்கவில்லை. இப்போது அது கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. இரவு சமையல் முடித்து, ஆசிரியை தம் சொந்தக் கைப்பேசியில், சொந்தக் காசில் இணையம் போட்டு, பாடத்தை ஓடவிட்டு, சான்றிதழை இறக்கிக்கொள்கிறார். 2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் வருஷத்துக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நல்லது! அந்த 50 மணி நேரம் பள்ளி நேரத்திலிருந்து வருமா, குடும்பத்திலிருந்து பிடுங்கப்படுமா? அந்த நேரத்தில் வகுப்பைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆசிரியர் உண்டா? இதற்குப் பதில் இல்லை.

உபதேசம் டில்லியிலிருந்து வருகிறது, பணமோ வருவதில்லை. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, தமிழ்நாட்டுக்கு 2024-25-ல் சேர வேண்டிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்திவைத்தது. ஆசிரியர் பயிற்சிக்குச் செலவாவதும் இந்த நிதியிலிருந்துதான். ஒரு கையால் பயிற்சி பெறு என்று ஆணையிட்டு, மறு கையால் பயிற்சிப் பணத்தைப் பூட்டிவைப்பது எந்த ஊர் நியாயம்?

தனியார் பள்ளி ஆசிரியர் கதை இன்னும் மோசம். அவர் சம்பளம் சொற்பம், வேலை நிரந்தரமில்லை. ஆங்கிலம் சரளமாக வரவேண்டும் என்பது நிர்வாகத்தின் நிபந்தனை. அதற்கான செலவு மட்டும் ஆசிரியரின் தலையில்.

என்ன செய்ய வேண்டும்?

நம் யோசனைகள் சுருக்கமானவை.

1. பயிற்சி நேரம் வேலை நேரமே. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது படிக்கவும் கூடிப் பேசவும் ஒதுக்க வேண்டும். ஈராசிரியர் பள்ளிக்கு மாற்று ஆசிரியர் தர வேண்டும்.

2. ஒவ்வொரு குறுவள மையத்திலும் ஆங்கில ஆசிரியர் வட்டம் அமைய வேண்டும். ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்கட்டும். பார்ப்பவர் சக ஆசிரியராக இருக்கட்டும்; குறிப்பேட்டோடு வரும் அதிகாரியாக இருக்க வேண்டாம்.

3. ஆசிரியர் தம் சொந்த ஆங்கிலத்தை வளர்த்துக்கொள்ளத் தொடர்ந்து வகுப்புகள் வேண்டும். அதில் மதிப்பெண்ணும் கூடாது, பணிப்பதிவேட்டில் குறிப்பும் கூடாது. பயந்த வாயில் மொழி வராது.

4. வகுப்பில் தமிழைப் பயன்படுத்துவது குற்றமென்ற எண்ணம் ஒழிய வேண்டும். அதை எப்போது, எவ்வளவு பயன்படுத்துவது என்பது பயிற்சியில் ஒரு பாடமாக வேண்டும்.

5. பயிற்சி நிதியை எந்த நிபந்தனைக்கும் பணயமாக வைக்கக் கூடாது.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் நாம் சங்கமாகக் கூடுகிறோம். அது நம் உரிமை. ஆனால் பாடத்தைப் பற்றிப் பேச எத்தனை தடவை கூடியிருக்கிறோம்? 1974-ல் சென்னையில் தோன்றிய இந்திய ஆங்கில ஆசிரியர் சங்கம் போன்ற ஸ்தாபனங்கள் காட்டிய வழி இருக்கிறது. சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம், "என் வகுப்பில் இந்தப் பாடம் ஏன் ஏறவில்லை?" என்ற கேள்விக்கு ஒதுக்கினால் என்ன? தொழிலின் உரிமையும் தொழிலின் திறமையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

ஆங்கிலம் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. தாய்மொழியில் கல்வி என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் காசுள்ளவன் வீட்டுப் பிள்ளை ஆங்கிலத்தைக் கடையில் வாங்கிக்கொள்கிறான். நூறு நாள் வேலைக்குப் போகும் தாயின் மகளுக்கு அந்தக் கடை கிடையாது. அவளுக்கு இருப்பது அரசுப் பள்ளியும் அந்த ஆசிரியையும்தான். கல்லூரி வாசலிலும் வேலை வாசலிலும் ஆங்கிலம் பூட்டாகத் தொங்குகிறது. சாவியை அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கக் கூடியவர் அந்த ஆசிரியை ஒருவரே.

அவருக்கு நேரம் கொடுங்கள், புத்தகம் கொடுங்கள், பேசத் தோழர்களைக் கொடுங்கள். பனிப்பந்தை மட்டும் இனி உருட்ட வேண்டாம்!