முகக் கோணலும் முன்வினையும்

நம்மவரிடையே ஒரு விசித்திரமான நியாயம் வழங்கி வருகிறது. கால் எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். கண்ணில் புரை விழுந்தால் ரண சிகிச்சைக்கு இசைகிறோம். ஆனால் தாடை ஒரு பக்கமாக ஒதுங்கி முகம் கோணினால் மாத்திரம், அது எலும்பின் காரியமன்று, தலையெழுத்தின் காரியம் என்று கை கட்டி நிற்கிறோம். புக்கிட் மெர்தாஜாமிலுள்ள தமிழ்க் குடும்பங்களும் இந்த நியாயத்துக்கு விலக்கல்ல.

முகம் கோணுவது எதனால்? கீழ்த்தாடையின் இரு முனைகளிலும், காதுக்கு முன்பாக, மூட்டில் அமரும் குமிழ்கள் இரண்டு உண்டு. அவற்றில் ஒன்று அளவுக்கு மீறி வளர்ந்தால் மோவாய் மறுபக்கம் தள்ளப்படுகிறது. சிறு வயதில் மோவாய் அடிபட விழுந்து ஒரு குமிழ் முறிந்து, அதைக் கவனியாமல் விட்டால், அந்தப் பக்கம் வளர்ச்சி குன்றி முகம் அப்பக்கமே சாய்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே ஒரு பக்கம் வளர்ச்சி குறைவு. இவற்றில் முன்வினைக்கு எங்கே இடம்? திண்ணையிலிருந்து விழுந்த குழந்தை எந்த ஜன்மத்துப் பாவத்தைச் சுமந்து விழுந்தது என்று நாம் கேட்கிறோம்.

தைப்பூசத்தில் காவடி எடுப்பதும், ஜூலை மாதத்தில் செயின்ட் ஆன்ஸ் ஆலயத்தில் மெழுகுவர்த்தி ஏந்துவதும் அவரவர் உரிமை. ஆனால் மெழுகுவர்த்தி எலும்பை நகர்த்தியதாகச் சரித்திரமில்லை. மனிதன் நகர்த்தியதற்குச் சரித்திரம் உண்டு. தீக்காயத் தழும்பு இழுத்துத் தாடை நீண்டு உருக்குலைந்த ஒரு பெண்ணுக்குச் செய்த ரண சிகிச்சையை, அமெரிக்காவில் ஹல்லிஹென் என்ற வைத்தியர் 1849-இல் எழுதி வெளியிட்டார். 1957-இல் ட்ரௌனரும் ஓப்வேகேசரும் வெளியிட்ட முறையில், வாய்க்குள்ளிருந்தே கீழ்த்தாடையை நெடுக்குவாட்டில் பிளந்து, நகர்த்தி, மீண்டும் பொருத்தலாயிற்று. இன்று டைட்டேனியத் தகடுகளும் திருகுகளும் அதைப் பிடித்து நிற்கின்றன. வெளியே தழும்பு பெரும்பாலும் தெரிவதில்லை.

இதை "அழகுப் பித்து" என்று ஏளனம் செய்வோருக்கும் ஒரு வார்த்தை. பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாதவனுக்குச் சோறு மெல்லுவதே தொல்லை. சிலருக்கு மூட்டில் வலி, சிலருக்குப் பேச்சில் தடை. அப்படியே தோற்றம் ஒன்றே குறையாயினும், புகைப்படத்துக்கு எப்போதும் ஒரே பக்கத்தைக் காட்டிப் பழகியவனின் மனவேதனை வேதனையாகாதா? நகைக்கடை வாசலில் வரிசையில் நிற்கும் சமூகத்துக்கு அழகைப் பற்றி உபதேசம் செய்ய என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆயினும் நாம் எல்லாரையும் கத்திக்கு முன் தள்ள வரவில்லை. எவர் முகமும் இரு பக்கமும் அச்சாக ஒத்திருப்பதில்லை. சிறு வேற்றுமைக்குச் சிகிச்சை வேண்டியதேயில்லை. வளர்ச்சி முடியும் முன் அறுத்தால் கோணல் திரும்பக் கூடும்; ஆகவே பொதுவாகப் பெண்களுக்குச் சுமார் 16 முதல் 18, ஆண்களுக்கு 18 முதல் 21 வயது வரை பொறுக்கச் சொல்லுகின்றனர். அதன் பிறகும் குமிழ் வளர்கிறதா என்று சோதித்தறிதல் வேண்டும். முன்னதாகப் பல மாதங்கள் பற்களுக்குக் கம்பி கட்ட வேண்டியிருக்கும். பின்னர்ச் சில வாரம் கஞ்சியும் மென்மையான ஆகாரமுமே கதி. கீழுதட்டில் மரத்த உணர்வு வரலாம். சிலருக்கு அது நிலைத்தும் விடலாம். இவற்றை மறைத்து விளம்பரத்தில் சிரித்த முகத்தை மாத்திரம் காட்டும் வியாபாரிக்கும், திருநீறு போட்டுக் காசு வாங்கும் மந்திரவாதிக்கும் பெரிய வித்தியாசம் காணோம்.

இவர்களினும் கொடியவர், மாப்பிள்ளை வீட்டாரின் கண்ணுக்காகப் பெண்ணின் தாடையை அறுக்கச் சொல்லுவோர். பையனின் கோணலை மீசையும் சம்பளமும் மறைத்து விடுமாம். பெண்ணின் கோணலோ தங்கையின் கல்யாணத்தையும் தடுக்குமாம்! இந்தக் கோணல் எலும்பிலில்லை. இதை நிமிர்த்த எந்த வைத்தியராலும் ஆகாது. சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் உரிமை அந்த முகத்தை உடையவளுக்கே உண்டு; வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அவள் சொல்லே முடிவு.

1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்து சுயமரியாதையைப் பேசிச் சென்றார். அதற்குப் பிறகு தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நாம் ஜாதகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பது வெட்கம். பாலத்தைக் கடந்தால் ஜார்ஜ் டவுனில் பினாங்கு பொது மருத்துவமனை இருக்கிறது. அங்கே வாய், தாடை ரண சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது. குடிமக்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியின் கட்டணம், தனியார் கேட்பதில் சிறு பங்கே.

ஆகவே நாம் கேட்பது மூன்று. மோவாய் அடிபட விழுந்த குழந்தைக்கு மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு நில்லாமல், அன்றே எக்ஸ்ரே எடுங்கள். வயது வந்தவர் சிகிச்சையை நாடினால் பரிகசிக்காதீர்கள். நாடாதவரை முகத்தை வைத்து அளக்காதீர்கள்.