துளைகளை எண்ணிப் பாருங்கள்!

ஓர் உலோகப் பலகையில் 12 துளைகள் போட வேண்டும். வரைபடத்தைக் கணிப்பொறிக்குக் கொடுத்து, துளைகளைத் தானே தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். திரையில் 10 துளைகளே தெரிகின்றன. மென்பொருள் கெட்டுவிட்டதா? பெரும்பாலும் இல்லை.

கேட்-கேம் மென்பொருளுக்குத் துளை என்பது வெற்றிடம் அன்று. ஓர் உருளைப் பரப்பு. அதற்கு விட்டமும் அச்சும் உண்டு. அச்சு சாய்ந்திருந்தால் துளை விடுபடலாம். 6 மி.மீ. துளையை 5.98 என வரைந்திருந்தாலும் விடுபடலாம். முப்பரிமாண அச்சுக்காக 1980-களில் உருவான எஸ்.டி.எல். கோப்பாயின் இன்னும் சிக்கல். அதில் வட்டமே கிடையாது. எல்லாம் சிறு முக்கோணங்கள். உருளை பட்டகமாகிவிட்டால் விட்டத்தை எங்கே தேடுவது?

விடுபட்ட துளையைப் பிறகும் போடலாம். கூடுதலாகச் சேர்ந்ததுதான் ஆபத்து. புரியிடைத் தூரம் 1 மி.மீ. உள்ள 6 மி.மீ. திருகுக்கு, மரை வெட்டுமுன் 5 மி.மீ. துளை போடுவார்கள். அருகிலேயே டவல் பின் பொருத்த 5 மி.மீ. துளை இருந்தால்? விட்டத்தை மட்டும் பார்க்கும் மென்பொருள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். வழவழப்பாக இருக்க வேண்டிய துளையிலும் மரை விழும். பலகை பாழ்!

ஆகவே, "எல்லாவற்றையும் எந்திரமே பார்த்துக்கொள்ளும்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அளவைக் கணிப்பொறி கண்டுபிடிக்கும். துளை எதற்கு என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் திருகு அளவியின் சுழிப்பிழையைப் பார்த்த பிறகுதானே அளக்கிறோம்? அதுபோல, எந்திரத்தை ஓட்டுமுன் மரைக்கு எத்தனை, பின்னுக்கு எத்தனை என்று வரைபடத்தில் எண்ணித் திரையோடு ஒப்பிடுங்கள். சில நிமிட வேலைதான். ஒரு பலகை பிழைக்கும்.